மூன்றாம் வருடச் சம்பளம்: ஒப்பந்த சுகாதாரப் பணியாளர்கள் நிலைக்க எந்த வழி நல்லது?

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி ரோட்டை விட்டு உள்ளே தள்ளிப் போனால் வரும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன் லேப் அறையில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கும், அதற்குப் போர்த்த ஒரு பச்சைத் துணியும் இருக்கும். அலுவலக வேலையாக அங்கே போகும்போதெல்லாம் முதலில் அந்தத் துணியைத்தான் பார்ப்பேன். மடித்து ஓரமாக வைத்திருந்தால் லேப் டெக்னீசியன் இருக்கிறார். போர்த்தியிருந்தால் பணியிடம் காலி. இரண்டரை வருடத்தில் மூன்று பேர் வந்து போனார்கள். ஆள் இல்லாத மாதங்களில், விடாமல் இருமிக்கொண்டு வரும் பெரியவர்களிடம் நர்ஸம்மா சளி டப்பாவைக் கையில் கொடுத்து, "இத பெரிய ஆஸ்பத்திரி லேப்ல குடுத்திருங்கய்யா, ரெண்டு நாள்ல சொல்லிருவாக" என்று அனுப்புவார். எல்லோரும் போக மாட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுவது லேசான காரியமில்லை. காசநோயாக இருந்தால் அந்த ஒரு மாதத் தாமதத்தில் வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளைக்கும் தொற்றிவிடலாம்.

அரசுப் பணியில் 31 வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் சுகாதாரத்துறை அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர்களுக்குச் சம்பளப் பட்டியல் போடும் வேலை. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது மற்ற எவரையும்விடப் பட்டியல் போடுகிறவனுக்கு முன்னால் தெரியும். அதனால்தான் ஒப்பந்த ஊதியத்தை மறுஆய்வு செய்வது பற்றிப் பேச்சு வரும்போது, கூட வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் போன் போட்டுக் கேட்கிறார்கள்: "அண்ணே, எவ்வளவு கூட்டினா ஆள் நிப்பாங்க?" எவ்வளவு என்பதைவிட எப்படிக் கூட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே தொகையை ஐந்தாறு விதமாகச் செலவு செய்யலாம். ஒன்றில் ஆள் நிற்பார், இன்னொன்றில் பணம் போகும், ஆளும் போய்விடுவார்.

முதலில் இந்தச் சம்பளம் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணியிடங்களை மாவட்டத்தில் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் நிரப்புகிறது. கலெக்டர்தான் தலைவர். பணத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. சமீப வருட அறிவிப்புகளில் மருத்துவ அலுவலருக்கு 60,000 ரூபாய், ஸ்டாஃப் நர்ஸுக்கு 18,000, பார்மசிஸ்டுக்கு 15,000, டேட்டா என்ட்ரி ஆபரேட்டருக்கு 13,500, லேப் டெக்னீசியனுக்கு 13,000, பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளருக்கு 8,500 என்று பார்க்கலாம். எல்லாம் தொகுப்பூதியம். அடிப்படை ஊதியம், வீட்டு வாடகைப்படி, அகவிலைப்படி என்ற பிரிவெல்லாம் கிடையாது. ஒரே ஓர் எண். அறிவிப்பின் அடியில் இன்னொரு விஷயமும் இருக்கும்: பதவி முற்றிலும் தற்காலிகமானது, எந்தக் காலத்திலும் நிரந்தரம் செய்யப்படாது. அதை ஏற்றுக்கொள்வதாகச் சேரும்போதே கடிதம் எழுதித் தர வேண்டும். முதல் நாளே போகும் நாளைப் பற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் வேலைக்குள் விடுகிறோம்.

வருவது வேறு, நிற்பது வேறு

தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த பணியிடம் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். எங்கள் ஒப்பந்த நர்ஸ் பணியிடங்களுக்கும் அப்படித்தான். ஐந்து இடத்துக்குக் கட்டுக்கட்டாக விண்ணப்பம் வரும். மதுரையில் தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்ஸுக்குப் பல இடங்களில் 18,000 கிடைப்பதில்லை. அதனால் வருகிறார்கள். ஆனால் இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எய்ம்ஸ் நர்ஸிங் ஆபீசர் தேர்வில் தேறினால் அடிப்படை ஊதியமே 44,900. வளைகுடாவுக்குப் போனால் கணக்கு இன்னும் வேறு. அப்படிப் போவதற்குத் தேவையான பிரசவ அறை அனுபவத்தை அரசு ஆஸ்பத்திரிதான் கொடுத்திருக்கும்.

லேப் டெக்னீசியன் கதை வேறு. 13,000 என்பது ஊரிலுள்ள தனியார் லேபில் கிடைப்பதை ஒட்டியே இருக்கிறது. அந்த லேப் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் எங்களிடம் வர அவருக்குக் காரணமே இல்லை. டாக்டர்கள் கதை இன்னும் வேறு. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு சேருகிற பிள்ளைகள் மேசையில் ஒரு பக்கம் ஓ.பி. சீட்டு, இன்னொரு பக்கம் நீட் பி.ஜி. புத்தகம் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். இடம் கிடைத்த மறுவாரம் பணிவிடுவிப்புக் கடிதம் வரும். அவர்களுக்கு 60,000-ஐ 66,000 ஆக்கினாலும் போகும் தேதி மாறாது. அதில் தப்பும் இல்லை. அவர்கள் படிக்கத்தான் வேண்டும்.

மூன்று பதவி, மூன்று நோய். ஒரே மருந்தைக் கொடுத்தால் யாருக்குத் தீரும்?

எல்லோருக்கும் ஒரே சதவீதம்

ஊழியர் சங்கங்கள் முதலில் கேட்பதும் அலுவலகங்கள் சுலபமாக எழுதுவதும் இதைத்தான். பட்டியலில் ஒரு பெருக்கல் போட்டால் வேலை முடிந்தது, யாருக்கும் மனக்குறை வராது என்ற நம்பிக்கை. கணக்கைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக 100 பேர் என்று வைத்துக்கொள்கிறேன்: டாக்டர் 10, ஸ்டாஃப் நர்ஸ் 40, லேப் டெக்னீசியன் 15, பார்மசிஸ்ட் 10, டேட்டா ஆபரேட்டர் 5, பல்நோக்குப் பணியாளர் 20. மேலே சொன்ன சம்பளப்படி மாதப் பட்டியல் 19,02,500 ரூபாய். பத்து சதவீதம் கூட்டினால் மாதம் 1,90,250 கூடுதல் செலவு. அதில் 60,000 ரூபாய் பத்து டாக்டர்களுக்குப் போகும். இருபது பல்நோக்குப் பணியாளர்களுக்கு மொத்தமாகவே 17,000. தலைக்கு 850.

அந்த 850 ரூபாயில் யாரும் நிற்கப்போவதில்லை. 8,500-ஐ 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 327 ரூபாய் வருகிறது. நூறு நாள் வேலைக்கு 2025–26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலியே 336. பிரசவ அறையைக் கழுவி, ரத்தத் துணி அலசி, நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் போட்டுக் கட்டுகிற அம்மாவுக்கு நாம் தருவது ஓடை வெட்டும் கூலியைவிடக் குறைவு. சதவீதக் கணக்கு இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாது, கூட்டத்தான் செய்யும். ஆகவே இந்த வழி எனக்கு வேண்டாம். சமமாகக் கொடுப்பதுபோல் தெரியும், ஆனால் குறைவாக வாங்குகிறவருக்குத்தான் குறைவாகப் போய்ச் சேரும்.

தட்டுப்பாடான பதவிக்கு மட்டும் தொடக்கச் சம்பளம்

எந்தப் பதவிக்கு அறிவிப்புப் போட்டும் ஆள் வரவில்லையோ அந்தப் பதவிக்கு மட்டும் கூட்டுவது. லேப் டெக்னீசியனை 13,000-இலிருந்து 15,500-க்குக் கொண்டுபோனால் ஓர் ஆளுக்கு வருடம் 30,000 ரூபாய் கூடுதல். பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு பணியிடம் நான்கு மாதம் காலியாகக் கிடந்தால் 52,000 ரூபாய் செலவாகாமல் நிற்கிறது. எங்கள் கணக்கில் அதை மிச்சம் என்றுதான் எழுதுவோம். வருடக் கடைசியில் செலவிடாத தொகை என்று திருப்பிக் காட்டுவோம். சளி டப்பாவோடு பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிப் போன பெரியவரை எழுத அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டமும் கிடையாது.

காலியான இடத்தை நிரப்ப நான்கு மாதம் என்பது நான் பார்த்த சராசரி. கோப்பு எழுந்து, அறிவிப்பு வெளியாகி, விண்ணப்பம் வாங்கி, இட ஒதுக்கீட்டுக்கான 200 புள்ளி இனச்சுழற்சியில் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு வருகிறது என்று பார்த்து, சான்றிதழ் சரிபார்த்து, நேர்காணல் நடத்தி ஆணை கொடுப்பதற்குள் அவ்வளவு ஆகிவிடும். நடுவில் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் இன்னும் இரண்டு மாதம்.

இந்த வழி லேப் டெக்னீசியனுக்கும் பல்நோக்குப் பணியாளருக்கும் பொருந்தும். நர்ஸுக்குப் பொருந்தாது, நர்ஸ் வராமலா இருக்கிறார்? தொடக்கச் சம்பளத்தை மட்டும் கூட்டினால் ஒரு வம்பும் உண்டு. புதிதாக வருகிறவரும் ஆறு வருடமாக இருப்பவரும் இப்போதே ஒரே தொகை வாங்குகிறார்கள். "புது ஆளுக்காகத்தானே கூட்டினாங்க, நமக்காகவா கூட்டினாங்க" என்ற வருத்தம் பழைய ஆளுக்கு வந்துவிடும். அதை ஆற்றுகிற வழி அடுத்தது.

இருந்த வருடத்துக்கு ஒரு படி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சம்பளப் பட்டியலில் வரிசை எண், பெயர், பதவி, பணியில் சேர்ந்த நாள், தொகை என்று கட்டங்கள் இருக்கும். ஒரு மாதம் புது நர்ஸ் ஒருவரைச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அவருக்கு மேல் வரிசையில் இருந்தவர் 2016-இல் சேர்ந்தவர். புதியவர் சேர்ந்து பதினாறு நாள்தான். இருவருக்கும் கடைசிக் கட்டத்தில் ஒரே எண்ணை எழுதினேன் (பதினாறு நாளுக்கு வகுத்தது மட்டும் வித்தியாசம்). அந்தச் சேர்ந்த நாள் என்கிற கட்டம் எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அது எந்தத் தொகையையும் மாற்றுவதில்லை. சும்மா நிற்கிறது.

அதே வாரம் அந்த மூத்த நர்ஸ் வேறு ஏதோ சான்றுக்காக வந்தார். போகும்போது வாசல் பக்கம் நின்று கேட்டார்: "சார், நான் பிரசவம் பாக்கச் சொல்லிக் குடுத்த பொண்ணுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்தானா சார்?" கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏழெட்டு மாதத்தில் அவர் குவைத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அவரோடு, ரத்தப்போக்கு ஆரம்பித்தவுடன் டாக்டர் வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த இரண்டு கையும் போய்விட்டது. புது நர்ஸுக்கு மூன்று வாரப் பிரசவப் பயிற்சி கொடுக்கலாம். ஏழு வருடத்தை மூன்று வாரத்தில் கொடுக்க முடியாது.

நிரந்தர ஊழியருக்கு வருடம் 3 சதவீத ஊதிய உயர்வு உண்டு. அதற்கு மேல் ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கிட்டு அகவிலைப்படி. 2025 ஜூலையில் அது 58 சதவீதமாக இருந்தது. 2016 ஜனவரியில் அமலான ஊதிய அமைப்பில் கணக்கைப் புதிதாகத் தொடங்கி, அதற்குப் பின் ஏறிய விலைவாசிக்கு மட்டும் கிடைத்தது இந்த 58. அதே விலைவாசியில்தான் ஒப்பந்த நர்ஸும் அரிசி வாங்குகிறார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறார். தொகுப்பூதியத்தில் தானாக ஏறுகிற எதுவும் இல்லை. யாராவது ஒருநாள் ஆணை போட்டால் ஏறும்; போடாத வருடமெல்லாம் அது சம்பளக் குறைப்புதான்.

படியைச் சிக்கலாக்க வேண்டாம். மூன்று வருடம் முடித்தவருக்கு மாதம் 2,000, ஆறு வருடம் முடித்தவருக்கு இன்னொரு 2,000. டாக்டர் தவிர எல்லாப் பதவிக்கும் ஒரே தொகை. சதவீதம் வேண்டாம், அப்போதுதான் 8,500 வாங்குகிறவருக்கு அது கண்ணுக்குத் தெரியும். மூன்று வருடம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த பணிவிடுவிப்புகளில் பெரும்பாலானவை அந்த வரம்பை ஒட்டித்தான் இருந்தன. வேலை பழகி, கை தேறி, வெளியே விலை போகிற நேரம் அது. அந்த நேரத்தில் 'இன்னும் நாலு மாசம் இருந்தா ரெண்டாயிரம் கூடும்' என்ற நினைப்பு வர வேண்டும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, தெரியாமல் விழுந்துவிடக் கூடாது. ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான். நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுப் புது ஆணை கொடுப்பார்கள். ஆணைப்படி பார்த்தால் பத்து வருடம் இருந்தவரும் பதினொரு மாதப் பணியாளர்தான். படி கொடுக்கும் விதியில் 'இடைவெளிகளை நீக்கி, எந்த நிலையத்தில் எந்த மாவட்டத்தில் வேலை பார்த்திருந்தாலும் மொத்தப் பணிக்காலம்' என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், தணிக்கைக்கு வருகிறவர் முதல் வருடத்திலேயே நிறுத்திவிடுவார். கல்யாணமாகி மதுரையிலிருந்து விருதுநகர் மாவட்டத்துக்குப் போகிற நர்ஸின் வருடங்களும் கூடவே போக வேண்டும்.

தூரத்துக்கு ஒரு தொகை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நகருக்குள் இருக்கிற சுகாதார நிலையத்துக்கும் எழுமலை, சேடப்பட்டி, கொட்டாம்பட்டிப் பக்கத்து நிலையத்துக்கும் ஒரே சம்பளம் என்றால் எல்லோரும் நகரத்தைத்தான் கேட்பார்கள். சிபாரிசு உள்ளவருக்குக் கிடைக்கும், இல்லாதவர் விலகுவார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது பெரிய உதவி. ஆனால் புறநகர் பஸ்ஸுக்கு அது கிடையாது, ஆண்களுக்கு எதிலும் கிடையாது. மாதம் 1,500 கொடுத்தால் பஸ் செலவுக்காவது ஆகும். ஆளைப் பார்க்காமல் இடத்துக்கென்று கொடுக்க வேண்டும். மாறுதலில் போனால் தொகையும் நின்றுவிட வேண்டும். இதைவிட நல்லது, அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகளை அந்தந்த நிலையத்தில் போடுவது. அதற்கு ஒரு காசும் வேண்டாம். கலந்தாய்வில் வீட்டு முகவரியைப் பார்த்து இடம் கொடுத்தால் போதும்.

ஏஜென்சி வழியாக எடுப்பது

'அவுட்சோர்சிங் விட்டுட்டா நமக்குத் தலைவலி இல்ல' என்று சொல்கிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: ஆள் போனால் அடுத்த வாரமே இன்னோர் ஆளை ஏஜென்சி அனுப்பிவிடும், நான்கு மாதக் கோப்பு இல்லை. ஆனால் நமக்கு வேண்டியது தினம் ஓர் ஆளா, தெரிந்த ஆளா? வார்டு கூட்டுவதற்கே தெரிந்த ஆள் வேண்டும். ஊசிக் குப்பையையும் சாதாரணக் குப்பையையும் ஒன்றாகக் கொட்டினால் அடுத்தவர் கையில் குத்தும்.

பணமும் மிச்சமாவதில்லை. அரசு கொடுக்கிற தொகையில் ஏஜென்சியின் கமிஷன் முதலில் போகும். அப்புறம் வருங்கால வைப்பு நிதி 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பணியாளர் பங்காகப் பிடிப்பார்கள். அது அவர் பேரில் சேருகிற பணம், அவருக்கு நல்லதுதான். ஆனால் நிறுவனத்தின் பங்கான 12-ம் 3.25-ம் சேர்த்து ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று மாதாமாதம் சலான் வாங்கிப் பார்க்கிற ஆள் அலுவலகத்தில் வேண்டும். இல்லாவிட்டால் பிடித்தம் மட்டும் நடக்கும். இரண்டு வருடம் கழித்து டெண்டர் மாறினால் பழைய ஏஜென்சியைத் தேடிப் பிடிப்பது யார்? நாம் ஆளை நிறுத்த வழி தேடுகிறோம். ஆள் மாறிக்கொண்டே இருப்பதையே ஏற்பாடாக்குவது அதற்கு வழியாகாது.

காலமுறை ஊதியம்

பணியாளர்கள் மனதில் இருப்பது இதுதான்: நிரந்தர ஊழியரைப் போல வருடாவருடம் ஏறுகிற ஊதியம். ஆளை நிறுத்துவதில் இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிரந்தரம் ஆனவர் குவைத்துக்குப் போவது அரிது.

ஆனால் இது எப்படி நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி, ஆயிரக்கணக்கான நர்ஸ்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் வரும் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள். தொகுப்பூதியம் 14,000 ஆகி, 18,000 ஆனது. காலியிடம் வரவரப் பகுதி பகுதியாக நிரந்தரம் ஆனார்கள். வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். கொரோனா நேரத்தில் எடுத்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு அதுவும் இல்லை. 2022 டிசம்பர் 31-உடன் பணி முடிந்தது. வார்டில் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை அடுத்த மாதம் போராட்டத்தில் பார்த்தோம்.

சட்டத்தில் இரண்டு பக்கமும் உண்டு. முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாக வந்தவர், நீண்ட காலம் இருந்தார் என்பதால் மட்டுமே நிரந்தரம் கேட்க முடியாது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே வேலை பார்க்கிற தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தரப் பணியாளரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையாவது தர வேண்டும் என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நிரந்தரம் செய்ய முடியாது என்பது குறைத்துக் கொடுப்பதற்குச் சாக்கு ஆகாது என்றுதான் எனக்குப் புரிகிறது.

இது மாவட்டத்தின் கையில் இல்லை. பணியிடம் உருவாக்குவது மாநில அரசு. ஆகவே இதைக் கோரிக்கையாக வைத்துக்கொண்டே, அது வரும்வரை என்ன செய்வது என்றுதான் மற்ற வழிகளைப் பார்க்க வேண்டும். 'நிரந்தரம் வந்தா எல்லாம் சரியாயிரும்' என்று மூன்றாம் வருடப் படியைத் தள்ளிப்போடுவது, காத்திருப்பவரை இன்னும் காத்திருக்கச் சொல்வது.

ஒரு ரூபாயும் கூட்டாமல் செய்ய வேண்டியது

மாதம் 15 தேதிக்கு மேல் ஆகிவிட்டால் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், பில் பாஸ் ஆயிருச்சா?" நான் இருந்த அலுவலகத்தில் நிதித் தவணை வந்து சேருவதற்கும் பட்டியல் கிளம்புவதற்கும் நடுவில் எங்கேயாவது ஒரு கையெழுத்து தங்கிவிடும். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் சாயங்காலம் வரை உட்கார்ந்தும் பணம் கணக்கில் ஏறவில்லை. பல்நோக்குப் பணியாளர் அம்மா ஒருவர், "பரவாயில்ல சார், நீங்க வீட்டுக்குப் போங்க, பிள்ளைக காத்துக்கிட்டு இருக்கும்" என்று சொன்னார். அவர் வீட்டிலும் பிள்ளைகள்தான் காத்திருந்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. 18,000-ஐ 20,000 ஆக்கி 20-ஆம் தேதி கொடுப்பதைவிட, 18,000-ஐ 1-ஆம் தேதி கொடுத்தால் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கந்துவட்டிக்கு வாங்கி மாதத்தை ஓட்டுகிறவருக்கு அந்த இருபது நாளில் எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு வேண்டியது ஒரு மாதச் சம்பளத் தொகையைச் சுழல்நிதியாகக் கையில் வைத்துக்கொள்ள ஓர் அனுமதி, வருகைப் பதிவேடு 25-ஆம் தேதியே அலுவலகத்துக்கு வந்து சேருகிற ஒழுங்கு. மகப்பேறு விடுப்பும் இதே வகைதான். சட்டத்தில் 26 வாரம் இருக்கிறது. கேட்டு வாங்கப் பயந்து வேலையையே விட்ட நர்ஸ்களின் கடிதங்களை நான் ஃபைலில் கோத்திருக்கிறேன். சொந்தக் காரணம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

அந்த 1,90,250-ஐ என்ன செய்யலாம்

பத்து சதவீதம் கொடுக்கப் பணம் இருக்கிறது என்றால் அதே பணத்தை நான் இப்படிப் பிரிப்பேன். பல்நோக்குப் பணியாளர் இருபது பேருக்கும் தலைக்கு 2,000 கூட்டி 10,500 ஆக்குவேன்: 40,000. லேப் டெக்னீசியன் பதினைந்து பேருக்கும் 2,500 கூட்டுவேன்: 37,500. டாக்டர் தவிர்த்த 90 பேரில் பாதிப் பேர் மூன்று வருடம் முடித்தவர்கள் என்று வைத்துக்கொண்டால், 45 பேருக்கு 2,000 வீதம் படி: 90,000. தூர நிலையங்களில் இருக்கும் பதினைந்து பேருக்கு 1,500 வீதம்: 22,500. ஆக 1,90,000. பத்து சதவீதத்துக்கு ஆகும் அதே செலவுதான், 250 ரூபாய் கையில் இருக்கிறது. ஆறு வருடம் முடித்தவருக்கான இரண்டாவது படி இந்தக் கணக்கில் இல்லை. படியால் ஆள் நின்றால், ஆறு வருடம் முடிப்பவர்கள் கூடுவார்கள், செலவும் கூடும். அதை மறைக்காமல் முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும்.

டாக்டர்களுக்கும் புதிய நர்ஸ்களுக்கும் இதில் ஒன்றும் இல்லை. கோபப்படுவார்கள், நியாயம்தான். அவர்களுக்குச் சம்பளம் போதும் என்பது என் கருத்தல்ல. கையில் இவ்வளவுதான் பணம் என்னும்போது, கூட்டினால் தங்குகிறவருக்கு முதலில் கூட்ட வேண்டும் என்கிறேன். பார்மசிஸ்டும் டேட்டா ஆபரேட்டரும் படியில் மட்டும் வருகிறார்கள். பார்மசிஸ்ட் இடம் காலியாகக் கிடக்கிற மாவட்டமாக இருந்தால் தூரத் தொகையைக் குறைத்து அங்கே கொடுக்கலாம். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. மூன்றாம் வருடப் படியில் மட்டும் பிடிவாதம் உண்டு.

தொகையை உயர்த்தும் அனுமதி சென்னையையும் டில்லியையும் தாண்டி வர வேண்டும். மாவட்டம் முன்மொழிவுதான் எழுத முடியும். அதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்மொழிவு கேட்டு வரும் கடிதத்துக்குக் காத்திருக்காமல், கடந்த மூன்று வருடத்தில் விலகியவர்களின் பட்டியலை இப்போதே போடுங்கள். பதவி, நிலையம், சேர்ந்த நாள், விலகிய நாள், இடம் எத்தனை நாள் காலியாக இருந்தது, எங்கே போனார். முதல் ஐந்தும் அலுவலகத்திலேயே இருக்கும். ஆறாவதற்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள், அதற்கென்று நான்கு நாள் ஒதுக்கினால் முடியும். பணியில் இருந்த காலத்தில் நான் அதைச் செய்யவில்லை. அந்த லேப் டெக்னீசியன்கள் மூன்று பேரும் எங்கே போனார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.